பிரிவு, நால்ரோடு, ரவுண்டானா: சாலைச் சந்திப்பு பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல் பக்கம் டிரைவிங் வகுப்பு எடுக்கிறேன். டூவீலர், கார், கனரக வாகனம் மூன்றும் உண்டு. அப்பா லாரி டிரைவர். கேஸ் டேங்கர், ரிக் வண்டி, முட்டை லோடு என்று எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சக்கரத்தில்தான் பிழைப்பு. ஆனாலும் வகுப்புக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கிளட்ச் எப்போது விடுவது, எட்டு எப்படிப் போடுவது என்றுதான். சந்திப்பைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் கழித்து, ஏதோ ஒரு பிரிவில் மயிரிழையில் தப்பித்த பிறகு போன் வரும்: "அண்ணே, ஒரு சந்தேகம்."

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அதனால் அந்தப் போன்களில் வந்த கேள்விகளை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

லாரி 30 கி.மீ. வேகத்தில்தான் திரும்பியது என்கிறார்கள். அதற்கே கவிழுமா?

கவிழும். திரும்பும்போது வண்டியை வெளிப்பக்கமாகத் தள்ளுகிற விசை, வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்காகும். ஒரு நால்ரோட்டில் வண்டி வளைகிற வட்டத்தின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-ல் போனால் வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளும். 30-ல் கிட்டத்தட்ட பாதி எடை. 40-ல் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல்.

வண்டி எவ்வளவு தாங்கும் என்பது இரண்டு அளவுகளைப் பொறுத்தது. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம், பாரத்தின் மையம் தரையிலிருந்து இருக்கும் உயரம். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் வருவதுதான் தாங்குகிற பங்கு. காருக்கு அது ஒன்றுக்கு மேல் வரும். அதனால் சமதளத்தில் கார் கவிழ்வதற்கு முன்னால் டயர் வழுக்கிவிடும். உயரமாக முழு லோடு ஏற்றிய லாரிக்கு 0.4-ஐ ஒட்டித்தான் வரும், பல நேரம் அதற்கும் கீழே. மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 20-ல் ஒன்றும் ஆகாது, 30-ல் ஆள் காலி. நடுவில் இருப்பது வெறும் பத்து கி.மீ.

இன்னொரு சங்கதி. டிரெய்லர் ஓட்டுகிறவருக்குக் கவிழப்போவது முதலில் தெரியாது. பின்னால் டிரெய்லரின் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும்போது கேபின் நேராகத்தான் நிற்கும். சீட்டில் அசைவு தெரிந்தபோது நேரம் கடந்திருக்கும்.

லோடு குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவுதானே?

எல்லா லோடுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. தண்ணீர் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். நிரம்பிய டேங்கில் தண்ணீர் அசைய இடம் இல்லை. பாதி டேங்கில் அது ஒரு பக்கம் ஓடும், சுவரில் மோதும், திரும்பி வரும். இடது பக்கம் வளைந்தால் தண்ணீர் முழுக்க வலது சுவரில் ஏறி நிற்கும். வண்டி எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறதோ அதே பக்கம். உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். குறுக்கே வைத்த தகடு முன்னும் பின்னும் அலைவதைத்தான் குறைக்கும், பக்கவாட்டு அலையை நிறுத்தாது. பாதி இறக்கிவிட்டு "வண்டி லேசாகிவிட்டது" என்று மிதிக்கிற டிரைவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முட்டை லோடு வேறு மாதிரி. இரும்போடு ஒப்பிட்டால் எடை ஒன்றுமில்லை, ஆனால் அட்டைகளை உயரமாக அடுக்குவார்கள். அதே டன்னுக்கு இரும்புக் கம்பி ஏற்றினால் பாரம் தரையோடு ஒட்டி இருக்கும். எத்தனை டன் என்பதோடு எவ்வளவு உயரத்தில் என்றும் கேட்க வேண்டும். வைக்கோல் லோடுக்கும் பஞ்சு லோடுக்கும் இதே கதைதான்.

ஆட்டோ மட்டும் ஏன் பொசுக்கென்று சாய்கிறது?

மூன்று சக்கரம் என்பதால். இதைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டுவேன். நான்கு சக்கர வண்டியின் காலடி ஒரு செவ்வகம். ஆட்டோவின் காலடி ஒரு முக்கோணம், கூர்முனை முன்னால். ஆட்டோ சாயும்போது முன்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் சேர்க்கிற சாய்ந்த கோட்டின் மேல்தான் சாயும். பாரம் பின்னால் இருக்கிறவரை அகலமான இடத்தில் இருக்கிறது. முன்னால் வர வர நிற்க இடம் குறுகும்.

இப்போது திரும்பிக்கொண்டே பிரேக் அடித்தால் என்ன ஆகும்? பாரம் முன்னால் பாயும், அதாவது முக்கோணத்தின் குறுகிய பக்கம். அதே நொடியில் வளைவு பக்கவாட்டில் தள்ளும். பெரும்பாலான ஆட்டோக்கள் சாய்வது இப்படித்தான். எனவே பிரேக் எல்லாம் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும், திரும்பும்போது ஆக்சிலரேட்டர் லேசாக இருந்தால் போதும். டிரைவர் சீட்டில் பக்கத்துக்கு ஒருவரை உட்காரவைப்பது இரண்டு விதத்தில் கெடுதல். பாரம் முன்னால் வருகிறது, கண்ணாடியும் மறைகிறது. ஹேண்டில் இடிப்பது தனி.

புது கார்களில் இஎஸ்சி (வண்டி நிலைதடுமாறாமல் பிடிக்கும் எலக்ட்ரானிக் வசதி) வருகிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?

கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். ஸ்டியரிங் திரும்பிய பக்கம் வண்டி போகவில்லை என்றால், தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாகப் பிரேக் கொடுத்து வண்டியை இழுத்துப் பிடிக்கும். 1997-ல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகையைச் சேர்ந்தவர்கள், சாலையில் திடீரென்று மான் குறுக்கே வந்தால் எப்படி ஒடித்துத் திருப்புவோமோ அப்படி மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரைத் திருப்பிப் பார்த்தார்கள். கார் கவிழ்ந்துவிட்டது. உலகம் முழுக்கச் செய்தியானது. அதன்பின் அந்தச் சின்ன காருக்கே இந்த வசதியை எல்லா வண்டியிலும் பொருத்திக் கொடுத்தது மெர்சிடிஸ். அதுவரை அது விலை உயர்ந்த கார்களின் சமாச்சாரம்.

ஆனால் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் பிடிப்பை இஎஸ்சி கூட்டாது. மொட்டை டயரில் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

"பார்த்தேன், யாருமே இல்லை. திடீரென்று எங்கிருந்து வந்தான்?"

எனக்கு வருகிற கேள்விகளில் இதுதான் அதிகம். எனக்கே நடந்தது என்பதால் இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வேன்.

ஒரு பிரிவில் மெயின் ரோட்டில் ஏற நின்றிருந்தேன். வலது, இடது, மறுபடி வலது பார்த்தேன், ரோடு காலி. கிளட்ச் விட்டு ஒரு முழம் நகர்ந்தேன். வலது கதவை உரசினாற்போல் டிவிஎஸ் எக்ஸெலில் ஒரு அம்மா. முன்னால் பால் கேன். அவர் நிதானமாகத்தான் வந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார், அதுவே போதுமாக இருந்தது.

மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, முன்கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்குகிற தூண். உங்கள் கண்ணிலிருந்து 70 செ.மீ. தள்ளி, 10 செ.மீ. அகலத் தூண் இருந்தால், 20 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள இடம் இரண்டு கண்ணுக்கும் தெரியாது. எதிரே வருகிற பைக் அதற்குள் தாராளமாக அடங்கும். நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம், எனவே வலது தூண் முகத்துக்கு இன்னும் கிட்டே இருக்கிறது. அது மறைப்பது, நமக்கு முதலில் வந்து மோதக்கூடிய பக்கத்தை.

இரண்டாவது காரணம் விசித்திரமானது. நீங்களும் நகர்கிறீர்கள், குறுக்கு ரோட்டில் அவரும் நகர்கிறார், இருவரும் ஒரே நேரத்தில் சந்திப்புக்கு வந்து சேரும் வேகத்தில். அப்போது உங்கள் கண்ணாடியில் அவர் இருக்கும் இடம் மாறவே மாறாது. தூணுக்குப் பின்னால் இருந்தால் கடைசி வரை தூணுக்குப் பின்னாலேயே இருப்பார். தூண் இல்லாத இடத்தில் இருந்தாலும் அசையாத புள்ளியைக் கண் கண்டுகொள்ளாது. கப்பல்காரர்களுக்கு இது பழைய பாடம்: திசை மாறாமல் கிட்டே வருகிற கப்பல்தான் மோதும்.

மூன்றாவது நம் மூளை. தலையை விசுக்கென்று வலமிருந்து இடம் திருப்பினால் கண் வழுவழுவென்று நகராது, தாவித் தாவிப் போகும். தாவுகிற நேரத்தில் பார்வை அணைந்திருக்கும். அந்த இடைவெளியை மூளை தானே நிரப்பி "ரோடு காலி" என்று காட்டிவிடும்.

தீர்வு எளிது, ஆனால் பழக்கப்பட வேண்டும். வலது பக்கம் பார்த்து இரண்டு மூன்று இடங்களில் கண்ணை நிறுத்துங்கள்: கிட்டே, நடுவே, தூரத்தில். அப்புறம் இடுப்பிலிருந்து உடம்பை முன்னும் பின்னும் சாய்த்துத் தூணுக்கு அப்பால் எட்டிப் பாருங்கள். கழுத்தை மட்டும் திருப்பினால் தூண் நகராது. என் வகுப்பில் கோழி தலையாட்டுவது போல் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கண்ணாடியில் தொங்கும் மாலை, ஸ்டிக்கர், கருப்பு ஃபிலிம்?

மாலையும் எலுமிச்சையும் வண்டிக்கு வெளியே, கீழே கட்டுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. முன்கண்ணாடி நடுவில் பெரிய எழுத்தில் பேர் எழுதுவது, ஆயுதபூஜைக்கு வைத்த பொட்டை அடுத்த ஆயுதபூஜை வரை துடைக்காமல் விடுவது எல்லாம் இன்னும் இரண்டு தூண்களைச் சேர்ப்பதுதான். ஃபிலிம் பற்றி: முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. 2012-ல் உச்ச நீதிமன்றமும் கருப்பு ஃபிலிமுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. பகலில் சமாளித்துவிடலாம். இரவில் விளக்கில்லாத பிரிவில் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

லாரிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். டிரைவருக்கு நான் தெரிவேனா?

பெரும்பாலும் தெரிய மாட்டீர்கள். கனரக வகுப்பின் முதல் நாள் எஞ்சினையே போட மாட்டேன். மாணவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, மற்றவர்களை ஒவ்வொருவராக லாரியைச் சுற்றி நிற்கவைப்பேன். முன்னால் பம்பரை ஒட்டி ஒருவர் குனிந்தால் காணோம். இடது கதவுக்குக் கீழே ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றால், சைக்கிளும் காணோம் ஆளும் காணோம். வண்டிக்கு நேர் பின்னால் எட்டுப் பேர் வரிசையாக நின்றாலும் எந்தக் கண்ணாடியிலும் ஒருவர்கூட விழ மாட்டார். "எத்தனை பேர் இருக்கிறோம்?" என்று கத்துவார்கள். சீட்டில் இருப்பவர் "இரண்டு" என்பார். அப்போது அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். அந்த ஒரு மணி நேரம் மீதி முப்பது வகுப்புக்குச் சமம் என்பது என் எண்ணம்.

முன்பெல்லாம் இடது பக்கத்துக்குக் கிளீனர் இருந்தார். கதவில் பாதி வெளியே தொங்கியபடி கதவைத் தட்டித் தட்டி "போலாம் ரைட்" சொல்வார். லாரியின் இடது கண்ணே அவர்தான். இப்போது கூலி கட்டுப்படியாகவில்லை என்று ஒற்றை ஆளாகத்தான் நிறைய வண்டிகள் ஓடுகின்றன. கிளீனரை எடுத்தவர்கள் அந்த இடத்தில் ஒரு கேமராவாவது வைத்திருக்கலாம்.

லண்டன் நகரத்தில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவர் சீட்டிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று அளந்து பூஜ்யம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறார்கள். 2021 மார்ச்சிலிருந்து நட்சத்திரமே இல்லாத லாரி கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஊருக்குள் வர முடியாது. 2024 அக்டோபரிலிருந்து அந்த வரம்பை மூன்று நட்சத்திரமாக உயர்த்திவிட்டார்கள்.

பஸ் இடது பக்கம் திரும்ப முதலில் வலது பக்கம் ஏன் ஒதுங்குகிறது?

பின்சக்கரத்துக்கு இடம் வேண்டும் என்பதால். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு போகும். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 6 மீட்டர் உள்ள பஸ், முன்சக்கரம் 12 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பின்சக்கரம் ஒன்றரை மீட்டருக்கும் மேல் உள்ளே வரும். ஒரு பைக்கும் அதில் இருப்பவரும் நிற்கிற அகலத்தைவிட அதிகம். டிரெய்லர் என்றால் இன்னும் கூடுதல்.

பஸ் வலது பக்கம் ஒதுங்கியதும் இடது பக்கம் ஒரு சந்து திறக்கும். பைக்காரர் கண்ணுக்கு அது அழைப்பு மாதிரி. அவர் நுழைகிறார், பஸ் இடது பக்கம் வளைகிறது, சந்து மூடுகிறது. இதைப் பற்றி மேலும் எழுத எனக்குப் பிடிக்கவில்லை. இடது இண்டிகேட்டர் போட்ட நீள வண்டியின் இடது பக்கம் போகாதீர்கள். பின்னால் நில்லுங்கள், அது திரும்பி முடிக்கட்டும்.

வலது பக்கம் நிற்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால்பகுதி, பஸ் இடது பக்கம் திரும்பும்போது வலது பக்கம் வீசும். ஒரு அடி இரண்டு அடிதான், ஆனால் ஹேண்டில்பாரைத் தட்டிவிட அது போதும்.

சிக்னல் இல்லாத நால்ரோட்டில் யாருக்கு முதல் வழி?

சாலை விதிப்படி, பிரதான சாலையில் வருகிறவருக்கு. இரண்டும் ஒரே தரத்துச் சாலை என்றால், உங்களுக்கு வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு. இப்படி ஒரு விதி இருப்பதே பலருக்கு ஆச்சரியம். நடைமுறையில் பெரிய வண்டிக்கு முதல் வழி, சம வண்டி என்றால் முதலில் ஹாரன் அடித்தவருக்கு வழி என்றுதான் ஓடுகிறது. விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், எதிராளிக்கும் அது தெரிந்திருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நேராகப் போகும்போது நாலு இண்டிகேட்டரும் போடலாமா?

வேண்டாம். இந்தப் பழக்கத்தை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்டது. உங்களுக்கு இடது பக்கத் தெருவில் நிற்பவருக்கு உங்கள் காரின் இடது பக்கம் மட்டும்தான் தெரியும். அங்கே மஞ்சள் மின்னுகிறது, இடது பக்கம் திரும்பப் போகிறார் என்று நினைத்து ஏறிவிடுவார். வலது பக்கம் நிற்பவர் நீங்கள் வலது பக்கம் திரும்புவதாக நினைப்பார். ஒரே வண்டி, இரண்டு பேருக்கு இரண்டு பொய். நேராகப் போவதற்குச் சிக்னலே கிடையாது. அந்த விளக்கு நின்றுபோன வண்டிக்கு.

மஞ்சள் விளக்கில் மிதித்துப் போய்விடலாமா?

மஞ்சள் என்றால் நில் என்றுதான் பொருள். பத்திரமாக நிறுத்த முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டால் மட்டும் போகலாம். 50-ல் போனால் மூன்று விநாடியில் 40 மீட்டருக்கு மேல் கடந்துவிடுவோம். கண்ணாடியைப் பார்க்காமல் சடன் பிரேக் போட்டால் பின்னால் வருகிற டிப்பர் உங்களை எல்லைக்கோட்டுக்கு அப்பால் அனுப்பிவிடும், அதையும் யோசிக்க வேண்டும். பச்சையாகவே நெடுநேரம் இருக்கிற சிக்னலை நெருங்கும்போது காலைப் பிரேக் மேல் வைத்துக்கொண்டு போவது என் பழக்கம்.

ரவுண்டானா நல்லதா, சிக்னல் நல்லதா?

என் ஓட்டு ரவுண்டானாவுக்கு. நான்கு ரோடு கூடுகிற சாதாரணச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் முட்டிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8. குறுக்கே வெட்டுவதே இல்லை, எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால் இடித்தாலும் சாய்வாகத்தான் இடிக்கும். வளைந்தே தீர வேண்டும் என்பதால் வேகமும் தானாகக் குறையும்.

ஆனால் அது வேலைசெய்ய ஒரு விதி வேண்டும்: உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, அதாவது உங்கள் வலது பக்கத்தில் இருப்பவருக்கு, நுழைகிறவர் வழிவிட வேண்டும். பிரிட்டனில் 1966-ல் இந்த விதியைக் கொண்டுவந்த பிறகுதான் ரவுண்டானாக்கள் அடைத்துக்கொள்வது நின்றது. நம் ஊரில் நுழைகிறவர் மூக்கை நுழைத்துவிடுவார், உள்ளே இருப்பவர் நின்றுவிடுவார், சுற்றே பூட்டிக்கொள்ளும். போக்குவரத்து ஓரளவுக்கு மேல் போனால் ரவுண்டானாவும் தாங்காதுதான். சென்னை கத்திப்பாராவில் முன்பு நேரு சிலையோடு இருந்த ரவுண்டானா தாங்காமல், 2008-ல் அங்கே இலை வடிவ மேம்பாலம் வந்தது. நடுவில் உயரமான சிலை, பேனர், செடிப்புதர் வைப்பது பற்றி ஊருக்கு ஊர் கருத்து வேறுபடும். எதிர்ப்பக்கம் சுற்றுகிறவரை மறைக்காத வரை எனக்கு ஆட்சேபமில்லை.

ஃப்ரீ லெஃப்ட் என்றால் நிற்காமலே போகலாமா?

பலகை இருந்தால்தான் ஃப்ரீ லெஃப்ட். இருந்தாலும் நடந்து கடப்பவருக்கு நின்றுதான் போக வேண்டும். இடது பக்கம் திரும்புகிறவர் தலை வலது பக்கம் வருகிற வண்டியைப் பார்த்தபடியே இருக்கும், கால் வைப்பவர் இடது பக்கம் இருப்பார்.

நாலுவழிச் சாலையில் மீடியன் இடைவெளியில் எப்படிக் கடப்பது?

இங்கே கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன். எங்கள் பகுதியில் ஊருக்கும் தோட்டத்துக்கும் நடுவே நாலுவழிச் சாலை ஓடுகிறது. அதைத் தாண்டாமல் மாட்டுக்குத் தீவனம்கூட வராது.

முதல் கேள்வி: மீடியன் அகலத்துக்குள் உங்கள் வண்டி முழுசாக அடங்குமா? பைக் அடங்கும். சின்ன கார் சில இடங்களில் அடங்கும். அடங்கினால் இரண்டு கட்டமாகக் கடக்கலாம்: இந்தப் பக்கத்து வண்டிகளைப் பார்த்து மீடியன் வரை, அங்கே நின்று அந்தப் பக்கம் பார்த்து மிச்சத்தை. டிராக்டர், டெம்போ, பஸ் அடங்காது. மீடியனில் நின்றால் வால் பாஸ்ட் டிராக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காலியாக இருந்தால்தான் கிளம்ப வேண்டும். லோடு வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பி முழுசாகக் கடக்கப் பத்து விநாடி ஆகும். அதற்குள் 100-ல் வருகிற கார் 280 மீட்டர் வந்துவிடும். புள்ளியாகத் தெரிகிற காரைப் பார்த்து "தூரத்தில்தான் வருகிறான்" என்று கிளம்புவதன் விலை அதுதான்.

இரண்டாவது, அரளி. மீடியனில் அரளியை நட்டிருப்பது எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்க. நல்ல ஏற்பாடுதான், மாடும் தின்னாது, தண்ணீரும் கேட்காது. ஆனால் இடைவெளி வரை அது ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. காரில் உட்கார்ந்தபடி பார்த்தால் பூதான் தெரியும். வேகச் சாலையில் 80-ல் வருகிறவர் பார்த்து, யோசித்து, பிரேக் போட்டு நிற்க 120 மீட்டர் வேண்டும் என்பது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் கணக்கு. அத்தனை தூரத்துக்கு முன்பே இருவர் கண்ணிலும் இருவரும் பட வேண்டும். இடைவெளிக்கு முன்னால் அரளியை முட்டி உயரத்துக்கு வெட்டிவிட்டால் போதும், பெரிய செலவில்லை. அரளி மறைக்கிறது என்று தெரிந்தால் அந்த இடைவெளியை விட்டுவிட்டு அடுத்த பாலத்தடிக்குப் போங்கள். ஒன்றரை கி.மீ. சுற்று என்றாலும் பரவாயில்லை. ராங் சைடில் வருவது மட்டும் வேண்டாம். மெயினில் ஏறுகிறவர் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்.

டிராக்டருக்குத் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு, பலர் மறந்துபோவது. டிராக்டரில் வலது சக்கரத்துக்கும் இடது சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக் மிதி இருக்கும். வயலில் சட்டென்று திருப்ப அது வசதி. ரோட்டுக்கு ஏறும்முன் இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற தாழ்ப்பாளைப் போட வேண்டும். போடாமல் ரோட்டில் அவசரத்துக்கு ஒரு மிதியை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் சுண்டி இழுத்துக் கவிழும். கரும்பு லோடுக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுவது பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் இரவில் பிரிவில் திரும்புகிற டிரெய்லர் கருப்புச் சுவர் மாதிரி.

மழையில் பைக் முக்கில் வழுக்குகிறது. ஏன்?

சந்திப்பில்தான் எண்ணெய் சொட்டும், ஏனென்றால் வண்டிகள் அங்கேதான் நிற்கின்றன. முதல் மழையில் அது மேலே மிதக்கும். ஜீப்ரா கோட்டுப் பெயின்ட், சாக்கடை இரும்பு மூடி, தெருவிலிருந்து அடித்து வந்த மணல் எல்லாமும் அங்கேதான். டயர் பிடிப்பு ஒரு குறிப்பிட்ட அளவுதான். சாய்ந்து திரும்புவதற்கே அதைச் செலவழித்துவிட்டால் பிரேக்குக்கு மிச்சம் இருக்காது. நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, பெயின்ட் மேல் சாயாமல் திரும்புங்கள். 2019 ஏப்ரலிலிருந்து விற்கிற புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது), அதுவரை உள்ளவற்றில் சிபிஎஸ் (ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிப்பது) கட்டாயம். நேராக நிறுத்த ஏபிஎஸ் நன்றாக உதவும். நன்றாகச் சாய்ந்திருக்கும்போது அதை நம்பாதீர்கள்.

பகலிலும் பைக் முன்விளக்கு எரிவது கோளாறு அல்ல. 2017-லிருந்து புது வண்டிகளில் அப்படித்தான். சந்திப்பில் நிற்பவருக்கு நீங்கள் தெரிய வேண்டும் என்பதற்காக. எதிரே வருகிறவர்கள் "லைட் எரியுது" என்று கையைத் திறந்து மூடிக் காட்டினால் சிரித்துவிட்டுப் போங்கள்.

ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்கவைக்கலாமா?

வேண்டாம். ஹேண்டில் முழுசாகத் திரும்பாது, பிரேக் அடித்தால் முதலில் மோதுவது குழந்தையின் முகம். நான்கு வயதுக்குக் கீழே என்றால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டுகிற பட்டையும் ஹெல்மெட்டும் விதிப்படி வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது.

எங்கள் தெருமுனையில் ஒன்றுமே தெரியவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் எது மறைக்கிறது என்று பாருங்கள். காரில் உட்கார்ந்த உயரத்திலிருந்து ஒரு போட்டோ, பைக்கில் உட்கார்ந்த உயரத்திலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். பேனரா, நிறுத்திவைத்த வேனா, கடையின் தகரக் கொட்டகையா என்று அதிலேயே தெரியும். சந்திப்பை ஒட்டி வண்டி நிறுத்துவது விதிக்கே எதிரானது, போக்குவரத்துக் காவலில் சொல்லலாம். மரக்கிளையும் புதரும் என்றால் உள்ளாட்சியில் அந்தப் போட்டோவை வைத்து மனு கொடுங்கள். மாநிலச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மனு மேசை மாறி மாறிச் சுற்றும்.

குவிந்த கண்ணாடி வைப்பது கைகொடுக்கும். அதில் வருகிற வண்டி நிஜத்தைவிடச் சின்னதாக, தூரத்தில் தெரியும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். எங்கள் தெருவில் நாங்கள் வசூல் போட்டு ஒன்று வைத்தோம். மூன்றாம் வாரமே அதன் மேல் பிறந்தநாள் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். இப்போது கண்ணாடிக்கு எதிரே இருக்கிற மளிகைக்கடைக்காரர் காலையில் கடை திறந்ததும் வாசலைக் கூட்டிவிட்டு, அதையும் ஒரு துணியால் துடைத்துவிடுகிறார்.